பூசக் கொத்து உண்மையில் சுருங்குகிறதா? வடமராட்சியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடமராட்சியில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில், உயர்தர மாணவர் சிலர் கையா விண்கலத்தின் பொதுத் தரவை இறக்கி, பூச நட்சத்திரக் கொத்தைச் சேர்ந்த விண்மீன்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தபோது, ஓரத்து அம்புகள் எல்லாம் நடுவை நோக்கி நின்றன. கொத்து சுருங்குகிறது என்றுதான் யாரும் படித்திருப்பார்கள். அடுத்து முப்பரிமாணப் படம் போட்டார்கள். உருண்டையாக வரவேண்டிய கொத்து நீட்டுவாக்கில் இழுபட்டு வந்தது. அந்த நீளமோ சரியாகப் பூமியின் திசையிலேயே இருந்தது.

முதலாவது தோற்றம் நாம் நிற்கும் இடத்தால் வந்தது. இரண்டாவது அளவீட்டு வழுவால் வந்தது. இரண்டையும் கழித்த பிறகு கொத்தின் சொந்த அமைப்பாக மிஞ்சியது என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பக்கத்தில் இருந்தேன். கணக்குகளில் பெரும்பாலானவை அவர்கள் போட்டவை.

ஏன் பூசம்

நட்சத்திரக் கொத்து என்றதும் எல்லோருக்கும் வாயில் வருவது கார்த்திகை. பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். நான் மறித்தேன். கார்த்திகைக்கான விடைகள் எல்லாம் இணையத்தில் தயாராகக் கிடக்கின்றன. விடை தெரிந்த கணக்கைச் செய்யும்போது கை தானாகவே அந்த விடைப் பக்கம் வளைந்துவிடும்.

பூசத்துக்கு வேறு வசதிகளும் உண்டு. கர்க்கடக இராசியில் இருக்கும் அந்தக் கொத்து பால்வீதிப் பட்டையை விட்டு நன்றாக விலகி நிற்பதால், பின்னணி விண்மீன்களின் நெரிசல் குறைவு. வான்நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே இருக்கிறது. யாழ்ப்பாணம் 9 பாகை 40 கலையில். ஆகவே உச்சத்துக்கு வரும்போது நம் தலைக்கு மேலிருந்து பத்துப் பாகைதான் தள்ளி நிற்கும். மாரி ஓய்ந்து மாசி முடிந்து பங்குனி தொடங்கும் நாள்களில், இரவு பத்து மணியளவில் மணற்காட்டு மணல் மேடுகளில் நின்று அண்ணாந்தால் போதும். கடலோரத்தில் அடிவானப் பக்கம் உப்புப் புகையும் மீன்பிடிப் படகுகளின் வெளிச்சமுமாக இருக்கும். உச்சியில் அந்தத் தொல்லை இல்லை. வெறுங்கண்ணுக்கு மங்கிய வெள்ளைத் திட்டு, இருகண் தொலைகாட்டியில் டசின் கணக்கில் விண்மீன்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பஞ்சாங்கத்துப் பூசமும் இந்தக் கொத்தும் ஒரே பரப்பு அல்ல. பஞ்சாங்கத்தில் பூசம் என்பது 13 பாகை 20 கலை நீளமுள்ள ஒரு வான்பகுதி. கொத்து அதற்குள் ஒன்றரைப் பாகை அகலத்தில் அடங்கிவிடும். தைப்பூசத்தன்று முழுநிலவு அல்லது அதற்குக் கிட்டிய நிலவு அந்தப் பகுதியிலேயே நிற்பதால், அன்றிரவு பூசத்தைப் பார்க்க வெளிக்கிட்டவர் நிலவைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒரு மாணவியின் அம்மம்மாவுக்கு இது பெரிய ஏமாற்றம். "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் எதைக் கும்பிட்டனாங்கள்?" என்று கேட்டாராம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வரலாறு நீளமானது, இங்கே கொஞ்சம் போதும். 1610இல் கலிலியோ தன் தொலைகாட்டியால் இந்தத் திட்டை நாற்பதுக்கு மேற்பட்ட விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். 1769இல் மெசியே தன் பட்டியலில் 44ஆவதாகச் சேர்த்தார், அதனால்தான் மெசியே 44 என்கிறார்கள். 1927இல் கிளைன் வாசிங் என்ற டச்சு வானியலாளர் விண்மீன்களின் நகர்வை அளந்து, யார் கொத்தைச் சேர்ந்தவர், யார் வழியில் நிற்பவர் என்று ஒழுங்காகப் பிரித்தார். எங்கள் பிள்ளைகள் செய்ததும் அடிப்படையில் அதே வேலைதான். அவர் ஒளிப்படத் தகடுகளை வைத்துக்கொண்டு கண் நோகச் செய்ததை இவர்கள் ஒரு பழைய மடிக்கணினியில் செய்தார்கள்.

யார் உறுப்பினர்

2013 டிசம்பர் 19இல் ஏவப்பட்ட கையா, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நின்று 2025 சனவரி வரை வானத்தை அளந்தது. நாங்கள் எடுத்தது அதன் மூன்றாவது தரவு வெளியீடு. அதில் ஏறத்தாழ 146 கோடி விண்மீன்களுக்கு இடம், இடமாறு தோற்றம், வானில் நகரும் வீதம் ஆகிய மூன்றும் உண்டு. (பூமி சூரியனைச் சுற்றும்போது கிட்ட உள்ள விண்மீன் வானில் சற்று இடம் மாறித் தெரிவதுதான் இடமாறு தோற்றம். அது பெரிதென்றால் தூரம் குறைவு.) அது வெளியானது 2022 யூன் 13இல். அப்போது நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நாட்டின் நிலை எதுவாக இருந்தாலும், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் தரவு யாருக்கும் இலவசம், கொழும்புக்கும் பருத்தித்துறைக்கும் ஒரே கோப்புத்தான்.

அளவுகளைப் பற்றி ஒரு சொல். ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் ஒரு வில்செக்கன். அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி வில்செக்கன். கையா பேசுவது இந்த மில்லிக் கணக்கில்.

கொத்தின் நடுவிலிருந்து மூன்று பாகை ஆரையுள்ள வட்டத்துக்குள் வரும் எல்லா விண்மீன்களையும் கேட்டார்கள். பல்லாயிரம் வந்தன. இடமாறு தோற்றம் 4.9 மில்லி வில்செக்கனுக்கும் 5.9க்கும் இடையில் இருப்பவற்றை மட்டும் வைத்தார்கள். அப்புறம் நகர்வு. ஒவ்வொரு விண்மீனும் ஆண்டுக்கு எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கே போகிறது என்று வரைபில் புள்ளி வைத்தால், பின்னணி விண்மீன்கள் பூச்சியத்தைச் சுற்றிப் பரவிக் கிடக்கும். அவற்றிலிருந்து விலகி, ஆண்டுக்கு மில்லி வில்செக்கன் கணக்கில் மேற்கே 36, தெற்கே 13 என்ற இடத்தில் ஒரு தனித் திரட்சி தெரியும். அதுதான் கொத்து. முதன்முதலாக அந்தத் திரட்சி திரையில் வந்தபோது ஒருவரும் பேசவில்லை. "இதுவா சேர்?" என்று ஒருவன் கேட்டான். இதுதான்.

அந்த நகர்வு எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு கூறுகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 38 மில்லி வில்செக்கன். நிலவின் அகலத்தைக் கடக்க 47,000 ஆண்டு வேண்டும். தூரத்தைப் பெருக்கினால் அது செக்கனுக்கு 34 கிலோமீற்றர் ஆகிறது.

அந்தத் திரட்சியைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் போடுவது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. இறுக்கமான வட்டம் போட்டால் படம் அழகாக வரும், சந்தேகத்துக்குரியவை குறையும். ஒரு மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இறுக்கினால் எந்த விண்மீன்கள் போகின்றன என்று பார்த்தாள். வானில் நடுவில் இருப்பவை போகவில்லை, ஓரத்தில் இருப்பவைதான் போயின. பிழையான விண்மீன்கள் என்றால் எல்லா இடத்திலிருந்தும் ஒரே அளவில் போயிருக்க வேண்டுமே? ஆகவே வட்டத்தை நான்கு மில்லி வில்செக்கன் ஆரைக்குத் தளர்த்தினார்கள். தளர்த்தியதால் வேண்டாதவை எவ்வளவு உள்ளே வந்திருக்கும் என்று பார்க்க, எட்டுப் பாகை தள்ளி வெறும் வானத்தில் அதே நிபந்தனைகளைப் போட்டார்கள். ஒரு கைப்பிடி அளவே வந்தது. நல்லது.

அந்த மாணவியின் கேள்வி இல்லாவிட்டால் அடுத்து வருவது எதுவும் நடந்திருக்காது. இறுக்கமான வட்டம், காணவேண்டிய விளைவையே வெட்டி எறிந்திருக்கும்.

இடமாறு தோற்றத்தின் சராசரி 5.4க்குச் சற்றுக் கீழே நின்றது. ஆயிரத்தை அதனால் வகுத்தால் தூரம் 186 பார்செக், ஏறத்தாழ 607 ஒளியாண்டு. வெளியாகியுள்ள ஆய்வுகளின் பெறுமானமும் இதுதான். அவர்களின் உறுப்பினர் பட்டியல்கள் ஆயிரத்தை ஒட்டி வரும். எங்களுடையதில் மூன்று பாகைக்கு வெளியே நிற்பவையும் மிக மங்கியவையும் இல்லை என்பதால் சில நூறுதான்.

அம்புகள் நடுவை நோக்கின

கொத்து முழுவதும் ஒரு திசையில் போகிறது என்பதால், அந்தப் பொது நகர்வை ஒவ்வொரு விண்மீனிலிருந்தும் கழித்துவிட்டு மிச்சத்தை அம்பாக வரைந்தார்கள். கொத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மிச்சம்தான் சொல்லும். நடுவில் அம்புகள் குட்டையாக, தாறுமாறாக நின்றன. ஓரத்துக்குப் போகப் போக நீண்டு, எல்லாம் உள்நோக்கித் திரும்பின.

"சேர், இது சுருங்குது போல கிடக்கு."

வரைபு போட்டார்கள். நடுவிலிருந்து ஒரு பாகை தள்ளினால் உள்நோக்கிய நகர்வு ஆண்டுக்கு 0.7 மில்லி வில்செக்கன். மூன்று பாகையில் 2ஐத் தாண்டுகிறது. புள்ளிகள் சிதறினாலும் சராசரி நல்ல நேர்கோடு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. படிப்பிப்பவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய பாடு. அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டார்கள். இப்படியே போனால் எப்போது எல்லாம் நடுவில் வந்து சேரும்? மூன்று பாகை என்றால் 10,800 வில்செக்கன். ஆண்டுக்கு 0.0021 என்று வகுத்தால் ஐம்பது இலட்சம் ஆண்டு. கொத்தின் வயதோ 60 கோடியிலிருந்து 80 கோடி ஆண்டு என்கிறார்கள். இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசி ஐம்பது இலட்சத்தில், நாங்கள் பார்க்கும் நேரமாகப் பார்த்துச் சுருங்குமா?

சந்தேகம் நல்ல இடத்தில் விழுந்தது. ஆனால் சந்தேகம் மட்டும் விடையாகாது.

விடையைப் பிடித்தவன் ஒரு கடற்றொழிலாளியின் மகன். பருத்தித்துறையில் கரையில் நின்று, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் படகுகள் ஒரே திசையில் வெளிக்கடலுக்குப் போவதைப் பார்த்தால், தூரப் போகப் போக அவை ஒன்றையொன்று நெருங்குவது போலத் தெரியும். படகோட்டிகள் யாரும் சுக்கானைத் திருப்பவில்லை. பூசக் கொத்து நம்மை விட்டு விலகிப் போகிறது என்றால் இதுவேதான் நடக்கும் என்றான்.

சரி, எவ்வளவு வேகமாக விலகுகிறது? அதை நிறமாலை சொல்லும். கையாவின் மூன்றாவது வெளியீட்டில் ஏறத்தாழ 3.3 கோடி விண்மீன்களுக்குப் பார்வைக்கோட்டு வேகமும், அதாவது நம்மை நோக்கியோ நம்மை விட்டோ போகும் வேகமும், உண்டு. கொத்தின் பிரகாசமான உறுப்பினர்களுக்கு அந்தப் பெறுமானத்தை எடுத்தார்கள். செக்கனுக்கு 35 கிலோமீற்றர், விலகிச் செல்லும் திசையில்.

இனி இணைந்த கணிதப் பாடத்தில் வரும் காவிக் கூறு. (அளவும் திசையும் சேர்ந்தது காவி.) எல்லா விண்மீன்களும் ஒரே காவியோடு போகின்றன. நடுவில் இருக்கும் விண்மீனுக்கு அந்த 35உம் முழுதாகப் பார்வைக்கோட்டில் விழுகிறது. மூன்று பாகை தள்ளி நிற்கும் விண்மீனைப் பார்க்க நம் பார்வைக்கோடும் மூன்று பாகை சாய்கிறது. ஆகவே அந்த 35இல் சைன் 3 பாகை அளவு, அதாவது 1.8 கிலோமீற்றர், வானத்தளத்தில் விழுந்து நடுவை நோக்கிய நகர்வாகத் தெரிகிறது. 186 பார்செக்கில் 1.8 கிலோமீற்றர் என்றால் ஆண்டுக்கு 2.1 மில்லி வில்செக்கன். பாகைக்கு 0.7. வரைபில் வந்த அதே எண்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவசரப்பட்டால் தவறிவிடும். வரைபு நேர்கோடாக வந்ததால் இது தோற்றம்தான் என்று முடிவு கட்ட முடியாது. கொத்து முழுதும் ஒரே விகிதத்தில் உண்மையாகவே சுருங்கினாலும் நேர்கோடுதான் வரும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. தீர்ப்புச் சொன்னது நிறமாலை. அது வானத்தளத்தில் நடக்கும் நகர்வைத் தொடாமல், முற்றிலும் வேறு வழியில் அளந்த எண். அந்த எண் எதிர்பார்க்கும் படித்திறனும் (கோட்டின் சாய்வு) வரைபின் படித்திறனும் வழுவுக்குள் ஒத்துப்போனதால்தான், சுருக்கத்துக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடிந்தது.

இதைத் திருப்பியும் போடலாம். பார்வைக்கோட்டு வேகம் தெரியும், வானத்தில் அம்புகள் குவியும் வீதமும் தெரியும் என்றால் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம், இடமாறு தோற்றமே வேண்டாம். 1908இல் லூயிஸ் பொஸ் என்ற அமெரிக்கர் ரோகிணியைச் சுற்றித் தெரியும் ஐயடீசுக் கொத்துக்கு இப்படித்தான் தூரம் கண்டார். பிறகு பல பத்தாண்டுகளுக்கு அண்டத்தின் தூர அளவீடுகளுக்கெல்லாம் அந்தக் கொத்து அடித்தளமாக இருந்தது. நான் இதைச் சொன்னதும், நூறு வருசத்துக்கு முந்தி கண்டுபிடித்ததைத்தானா நாங்கள் திருப்பிக் கண்டுபிடித்தோம் என்று ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டான். என்னைக் கேட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதை ஒரு பள்ளிப் பயிற்சி என்று ஒதுக்கிவிட முடியாது. 2019இல் கையாவின் இரண்டாவது வெளியீட்டைக் கொண்டு 28 இளம் கொத்துகளையும் கூட்டங்களையும் ஆராய்ந்த ஒரு குழு, அவற்றில் குறைந்தது முக்கால்வாசி விரிவடைகின்றன என்று காட்டியது. விரிவின் வேகம் வழக்கமாகச் செக்கனுக்கு அரைக் கிலோமீற்றர் அளவு. எங்கள் கொத்தின் ஓரத்தில் வந்த பொய்த் தோற்றம் 1.8 கிலோமீற்றர். தேடும் உண்மையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரிய பொய். ஆய்வாளர்கள் அதை முதலில் கழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

நீண்ட கொத்து

இரண்டாவது புதிருக்கு அவ்வளவு நேரம் செல்லவில்லை, முதலாவதில் அடிபட்ட பிறகு எல்லோரும் விழிப்பாக இருந்தார்கள். முப்பரிமாணப் படத்துக்கு முதலில் ஒளித்தர எல்லை எதுவும் போடவில்லை. (ஒளித்தர எண் கூடக் கூட விண்மீன் மங்கல். வெறுங்கண் எல்லை ஏறத்தாழ 6.) வந்த வடிவத்தின் நீளம் பூமியின் பக்கம் காட்டியதும், "ஏன் எங்களைப் பார்த்துக்கொண்டு நிக்குது?" என்ற கேள்வி உடனே வந்தது. விண்வெளியில் பூமிக்கு என்ன தனிச் சிறப்பு? ஒரு கொத்தின் வடிவம் பார்வையாளரின் திசையை அறிந்து வைத்திருந்தால், குற்றவாளி பார்வையாளர்தான்.

ஒளித்தரப்படி பிரித்தார்கள். 15ஆம் தரத்தை விடப் பிரகாசமானவை உருண்டையாக நின்றன. மங்கியவை இழுபட்டன. கையாவின் இடமாறு வழு 15ஆம் தரம் வரை 0.02, 0.03 மில்லி வில்செக்கன். இந்தத் தூரத்தில் அது ஒரு பார்செக்கை ஒட்டிய பிழை. 17ஆம் தரத்தில் 0.07, அதாவது 2.4 பார்செக். 20ஆம் தரத்தில் 0.5 ஆகிவிடும், தூரத்தில் 17 பார்செக் முன்னே பின்னே போகும். வானத்தில் ஒரு விண்மீனின் இடமோ எந்த ஒளித்தரத்திலும் துல்லியம். ஆகவே பிழை முழுதும் ஆழத்திசையில் மட்டும் சேருகிறது. கொத்தின் நடுப்பகுதியே சில பார்செக்தான் என்னும்போது, மங்கிய விண்மீன்கள் காட்டும் ஆழம் கொத்தினுடையது அல்ல.

எல்லையை 18இல் வைத்ததும் நீட்சி பெருமளவு சுருங்கியது. அதிலும் மிஞ்சியதை நம்பாமல், அமைப்பைப் பற்றிய மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வானத்தளத்தையே பயன்படுத்தினார்கள். ஆழம் வேண்டிய இடத்தில் பிரகாசமானவற்றை மட்டும். 18ஆம் தரம் என்றால் இந்தக் கொத்தில் சூரியத் திணிவில் கால்வாசி அளவுள்ள செங்குறளிகள், அதாவது சிறிய, மங்கிய, சிவந்த விண்மீன்கள். நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் 11ஆம் தரத்தில், இருகண் தொலைகாட்டிக்கும் எட்டியும் எட்டாமலும் தெரியும்.

இடமாறு தோற்றத்தின் சின்னப் பிசகு எவ்வளவு பெரிய சண்டையாகும் என்பதற்குக் கார்த்திகையே சாட்சி. 1997இல் கிப்பார்க்கசு விண்கலத்தின் தரவு அதன் தூரத்தை 120 பார்செக்குக்குச் சற்றுக் குறைவாகச் சொன்னது. மற்ற முறைகள் 130க்கு மேலே சொல்லின. 2014இல் வானொலித் தொலைகாட்டிகள் 136 என்று அளந்தன, கையா அதை உறுதிப்படுத்தியது. இடையில் போனது பதினேழு ஆண்டு.

மிஞ்சியது

இவ்வளவையும் கழித்த பிறகு கொத்தின் சொந்த அமைப்பு என்று கையில் நின்றது என்ன? முதலில், பிரகாசமானவை நடுவில் கூடுகின்றன. உறுப்பினர்களைப் பிரகாசமானவை, நடுத்தரம், மங்கியவை என மூன்றாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் நடுவிலிருந்தான தூரத்தின் இடையம் எடுத்தார்கள். பிரகாசமானவற்றின் இடையம் தெளிவாகச் சிறியது. 60 கோடி ஆண்டுக்கு மேலாக ஒன்றையொன்று கடந்து போகும்போது, ஈர்ப்பால் சக்தி கைமாறுகிறது. திணிவு கூடியவை, அதாவது பிரகாசமானவை, வேகம் இழந்து உள்ளே தாழ்கின்றன. குறைந்தவை வேகம் பெற்று வெளியே போகின்றன. மங்கிய விண்மீன்கள் நடுவில் குறைவாகத் தெரிவதற்கு, பக்கத்து வெளிச்சம் அவற்றை மறைப்பதும் காரணமாகலாமே என்று ஒரு எதிர்ப்பு வந்தது. நல்ல எதிர்ப்பு. ஆனால் பூசம் ஐதான கொத்து, விண்மீன்களுக்கிடையே வெறும் வானம் தாராளமாக உண்டு. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் ஒமேகா செந்தோரி போன்ற கோளக் கொத்தில்தான் அந்த எதிர்ப்புக்குப் பலம் கூடும்.

பிறகு, நிற–ஒளித்தர வரைபு. இதைத்தான் நான் ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதால், கிடையில் நிறமும் நிலையில் ஒளித்தரமும் வைத்தால் உறுப்பினர்கள் ஒரு மெல்லிய வளைவரையில் வரிசையாக நிற்கிறார்கள். அதற்கு மேலே, 0.75 ஒளித்தரம் தள்ளி, அதே வளைவில் இன்னொரு மங்கிய வரிசை. எது அது? பிள்ளைகள் மடக்கையைத் தட்டினார்கள். ஒளி இரட்டித்தால் ஒளித்தரம் 0.75 மாறும். ஆகவே அந்த மேல் வரிசையில் நிற்பவை ஒத்த இரட்டை விண்மீன்கள், கையாவுக்கு ஒரே புள்ளியாகத் தெரிபவை. ஒரு கோட்டின் மேல் நிற்கும் இன்னொரு கோட்டிலிருந்து, கண்ணுக்குப் பிரியாத சோடிகளை எண்ணலாம் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

வளைவின் மேல்முனை திரும்பும் இடத்துக்கு அப்பால் ஒருசில செம்பூதங்கள், அதாவது முதுமையில் வீங்கிச் சிவந்த விண்மீன்கள், உண்டு. கீழே, வரிசையை விட்டு விலகி, வாழ்ந்து முடித்த வெண்குறளிகள். ஏறத்தாழ 11, 12 கோடி ஆண்டு வயதுள்ள கார்த்திகையின் வரைபைப் பக்கத்தில் வைத்தால் செம்பூதங்களே இல்லை. வயது என்பது இந்த வித்தியாசம்தான். இந்த வரிசையில் சூரியனை ஒத்த இரண்டு விண்மீன்களைச் சுற்றி 2012இல் வியாழன் போன்ற கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்பதையும் சொன்னேன். கொத்து ஒன்றுக்குள் சூரியனை ஒத்த விண்மீன்களைச் சுற்றிக் கிடைத்த முதல் கோள்கள் அவை.

உள் வேகங்களும் பார்த்தார்கள். பார்வைத் தோற்றத்தைக் கழித்த பிறகு விண்மீன்கள் ஒன்றுக்கொன்று நகரும் வேகம் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றரிலும் குறைவு. அவ்வளவு மெல்லிய வேகத்தில்தான் ஆயிரம் விண்மீன்களின் ஈர்ப்பு அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டும் முழுமையானதல்ல. பால்வீதியின் ஈர்ப்பு ஓரத்து விண்மீன்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. 2019இல் இரோசர், சில்பாக் என்ற இருவர் பூசக் கொத்துக்கு முன்னும் பின்னும் வால்கள் நீள்வதைக் காட்டினார்கள், 165 பார்செக் தூரம் வரை. நமக்கும் கொத்துக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிடக்கூடிய நீளம். எங்கள் மூன்று பாகை வட்டம் ஏறத்தாழ பத்துப் பார்செக்கோடு முடிந்துவிடுவதால் வாலின் அடி கூட அதற்குள் இல்லை. வட்டத்தைப் பெருப்பித்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. அவ்வளவு தூரத்தில் பார்வைக்கோட்டின் சாய்வு கூடி, உறுப்பினரின் வான்நகர்வு முற்றாக மாறிவிடும். மேற்கே 36, தெற்கே 13 என்ற திரட்சியே கலைந்துபோகும். வானத்து நகர்வை விட்டு, ஒவ்வொரு விண்மீனுக்கும் விண்வெளியில் முழுக் காவியைக் கணக்கிட்டுத் தேட வேண்டும்.

அடுத்த வேலை

படகுக் கதை சரி என்றால் அது மற்றக் கொத்துகளிலும் சரியாக வரவேண்டும். தரவை இறக்க முன்பே மூன்று கொத்துகளுக்கு எதிர்பார்க்கும் படித்திறனைக் கணக்கிட்டுப் பலகையில் எழுதி வைத்தார்கள், பிறகு விடையைப் பார்த்துக் கணக்கை மாற்ற இடம் வைக்காமல். கார்த்திகை செக்கனுக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் அளவில்தான் விலகுகிறது, தூரம் 136 பார்செக். பாகைக்கு 0.15 மில்லி வில்செக்கன்தான் வரும், சிதறலுக்குள் மறைந்துபோகலாம். ஐயடீசு 47 பார்செக்கில் கிட்ட இருந்துகொண்டு 39 கிலோமீற்றர் வேகத்தில் விலகுகிறது. அங்கே பாகைக்கு 3. பிரகாசமாக ஒளிரும் ரோகிணி அந்தக் கூட்டத்துக்குள் நிற்பது போலத் தெரிந்தாலும் 65 ஒளியாண்டில், பாதித் தூரத்துக்கும் கிட்டவே நிற்கிறது, உறுப்பினர் அல்ல. நிபந்தனைகளைப் போட்டதும் அது வெளியேறுவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆவல்.

மூன்றாவது, விருச்சிகத்தின் வால்பக்கம் இருக்கும் மெசியே 7. இது நம்மை நோக்கி வருகிறது, செக்கனுக்கு 15 கிலோமீற்றர், தூரம் 280 பார்செக். அம்புகள் இம்முறை வெளிநோக்கித் திரும்ப வேண்டும், பாகைக்கு 0.2. உள்ளபடியே எனக்குப் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் குறி மாறுகிறது. சிக்கலும் இதில்தான். பால்வீதியின் அடர்ந்த பகுதிக்கு முன்னால் நிற்பதாலும், அதன் வான்நகர்வு சிறியது என்பதாலும், பின்னணி விண்மீன்கள் திரட்சிக்குள்ளேயே வந்து விழுகின்றன. வெறும் வானத்தில் அதே நிபந்தனையைப் போட்டுப் பார்த்தபோது இம்முறை கைப்பிடி அளவில் நிற்கவில்லை. இடமாறு எல்லையை இறுக்கலாமா, ஒளித்தர எல்லையை 15க்குக் கொண்டுவரலாமா என்று இப்போது விவாதம் நடக்கிறது. இரண்டாவது பக்கம் ஆள் அதிகம்.